அறுநூறு அடி லென்ஸ்

அன்று காலை எட்டரை மணிக்கு வேலுமணி கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், துவரம்பருப்பால் ஒரு காக்கையைக் குறி பார்த்தது.

ஒரு கிலோப் பொட்டலங்கள் இரண்டை ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து, அதன் தலையில் நூறு கிராம் கடுகுப் பொட்டலத்தையும் செருகி, மொத்தத்தையும் வலது கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றார். தண்ணீர் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை கிளம்பி, எதிர்வீட்டு முத்தாயம்மாளின் முருங்கை மரம் வரைக்கும் பறந்தது. பருப்பும் அதோடு கூடவே இடமிருந்து வலமாகப் போனது.

"ஏ வசந்தா, கை ஆடுதா பாரு."

வசந்தாமணி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். ஆடியது. பொட்டலத்துக்குள் பருப்பு கலகலக்கும் அளவுக்கு ஆடியது. அதைச் சொன்னால் நானூறா அறுநூறா என்ற பட்டிமன்றம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எட்டு மாதமாக அதைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. கீழே குக்கர் வேறு மூன்றாவது விசில் விட்டது.

"ஆடலீங்க. கல்லாட்டம் நிக்குது."

"அப்ப அறுநூறுதான்," என்றார். முகம் அப்படியே பூத்துப் போயிற்று. அங்கேயே நின்று சேலத்துக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார்.

"பருப்ப எடுத்த எடத்துல வெச்சுப்போட்டுப் போங்க," என்றாள்.

வைத்தார். கடுகை மட்டும் ஞாபகமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு, ஷெட்டில் வண்டி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "செத்த உக்காந்துக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய உடைமைகளை ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, நூறு கிராம் கடுகு. "இது என்னங்கம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். கடுகைப் பற்றிச் சொல்வதென்றால் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வேலுமணிக்கு இரண்டு ரிக் வண்டிகள். திருச்செங்கோட்டில் அது பெரிய விசேஷமில்லை. கல்லெறிந்தால் ரிக் ஓனர் மேல்தான் விழும். தேசம் பூராவும் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்தே நாற்பது வருஷம் ஓட்டியவர். பூமிக்குக் கீழே இருக்கிற எதையும் அடிக் கணக்கில்தான் சொல்லுவார். மேலே இருக்கிறதையும் அப்படித்தான். மகள் கிருத்திகாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் எப்படி என்று விசாரித்தவர்களிடம், "தங்கமான பையன், முந்நூறு அடிலயே தண்ணி" என்றார். சம்பந்தி வீட்டார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அவருடைய டிரில்லர் சென்றாயன், சேந்தமங்கலத்துக்காரன். இருபத்திரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறவன். நீரோட்டம் பார்ப்பதும் அவன்தான். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பான். தண்ணீர் இருக்கும் இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். தேங்காய் நின்றது என்று அவன் சொன்னால் வேலுமணி மறுபேச்சில்லாமல் அங்கே வண்டியை நிறுத்துவார். இரண்டு பேரும் ஒத்துப்போகாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

குழாய் இறக்கி முடித்ததும், வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஜாக்கிகளை மேலே தூக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். எதை முதலில் தூக்குவது? முன் ஜாக்கியை என்பார் வேலுமணி. பின் ஜாக்கியை என்பான் சென்றாயன். ராஜஸ்தானத்து மணலிலும் ஒடிசாவின் பாறையிலும் இதே சண்டை. ஒருநாள் டீக்கடை டிவியில் ஒரு போர் விமானம் தரையை விட்டு எழும்புவதைக் காட்டினார்கள்.

"அதப் பாருங்கண்ணா! பின்னாடிச் சக்கரம்தான் மொதல்ல உள்ள போவுது. விமானக்காரனே நம்ம பக்கமுங்க," என்றான் சென்றாயன்.

"உன்ற கண்ணுல மண்ணு. முன்னாடிதான்டா மொதல்ல."

பெங்களூருவில் குடியிருக்கும் கிருத்திகா ஒரு வீடியோவைத் தேடி அனுப்பினாள். பதினொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு அவரவர் சக்கரமே முதலில் போனது. நிறுத்திப் பார்த்தால், சக்கரம் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ தெரிந்தது.

"எவனோ எடுத்தத நம்பி நம்ம வழக்கத் தீக்க முடியாது," என்றார் வேலுமணி. "பிப்ரவரில பெங்களூருல விமானமெல்லாம் உட்டுக் காட்டறாங்களாமா. நானே போயி எடுக்கறேன். சக்கரம் பாதி உள்ள, பாதி வெளிய. ஒரே படம். அதோட இது தீந்துது."

கேமரா இருந்தது. அறுபது நிறைந்ததற்குக் கிருத்திகா வாங்கிக் கொடுத்தது. அதோடு வந்த சின்ன லென்ஸுக்கு வேலுமணி 'அடிபம்பு' என்று பேர் வைத்திருந்தார். கல்யாண வீட்டில் எதிர்ப்பந்தியில் இருப்பவரை எடுக்க அடிபம்பு போதும். அதை வைத்து ஒரு பருந்தை எடுத்துப் பார்த்தார். படத்தில் தூசி விழுந்த மாதிரி இருந்தது. "பெரிய லென்ஸ வாடகைக்கு எடுத்துக்கலாம்ப்பா," என்றாள் மகள்.

சேலம் நாலு ரோட்டுப் பக்கத்தில் சபரிநாதனின் கடை. கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணப் போட்டோக்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. பொறுமைசாலி என்று பேரெடுத்தவர். வேலுமணி, வசந்தாமணி, சென்றாயன் மூன்று பேரும் போய் நின்றார்கள். அவர் கண்ணாடி மேசை மேல் லென்ஸ்களை வரிசையாக எடுத்து வைத்தார்.

"இது எத்தனைங்க?"

"நானூறுங்க சார்."

"அது?"

"அறுநூறு."

"அடிங்களா?"

"இல்லீங்க சார். மில்லிமீட்டர்."

"மில்லிமீட்டரெல்லாம் நம்மளுக்கு வராதுங்க. அடில சொல்லுங்க."

சபரிநாதன் கணக்குப் போட்டு உண்மையைச் சொன்னார். அதுதான் தப்பாய்ப் போயிற்று. "ரெண்டடி வருமுங்க."

"ரெண்டடியா?" வேலுமணி சென்றாயனைப் பார்த்தார். "அப்ப விமானம் எறங்கி நம்ம மூக்குக்கிட்ட வந்து நிக்கோணுமாட்ட இருக்குது."

வசந்தாமணி குறுக்கே வந்தாள். அவள் கிளை நூலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் அதன் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படிப்பாள். மிக்ஸி கையேட்டில் ஒற்றுப்பிழைகளைப் பென்சிலால் திருத்தி வைத்திருந்தாள். கேமராவின் கையேடும் அவளுக்குப் பாடம். "ஏனுங்க, அது தூரம் இல்லீங்க. அந்த நெம்பரு ஏற ஏற, தூரத்துல இருக்கறது பெருசாத் தெரியும். அவ்வளவுதான்."

"அதத்தான புள்ள நானும் சொல்றேன்? அடி ஏற ஏறத் தண்ணி பெருசு."

அதற்கு மேல் அவரைத் திருத்த முடியவில்லை. ஆனால் அந்தத் தப்புக் கணக்கை வைத்துக்கொண்டே அவர் மற்றதை எல்லாம் சரியாகப் பிடித்துக்கொண்டதுதான் வேடிக்கை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டினால் இன்னும் பெரிதாக்கிக் காட்டும் ஒரு குட்டிக் குழாயைச் சபரிநாதன் எடுத்துக் காட்டினார்.

"ஆழத்துக்கு ராடு சேத்தறது," என்றார் வேலுமணி.

"ஆமாங்க. ஆனா இதப் போட்டா வெளிச்சம் கொறையுமுங்க சார்."

"கொறையாம? ஆழம் போனா இருட்டுத்தானுங்களே?"

வெயில் விழாமல் லென்ஸின் வாயில் மாட்டுகிற வளையம் அவருக்குக் கேசிங் பைப். கனத்தைத் தாங்க ஊன்றுகிற ஒற்றைக்கால் குச்சி ஜாக்கி. "முன் ஜாக்கிங்களா, பின் ஜாக்கிங்களா?" என்று சென்றாயன் கேட்டான். "ஒரே ஜாக்கிதான். மூடிக்கிட்டு நில்லு," என்றார். அந்த ஜாக்கியும் உதவாது என்று சபரிநாதன் சொல்லிவிட்டார். விமானம் தலைக்கு மேலே திரும்பும்போது ஊன்றிய குச்சியோடு சுற்ற முடியாது. கையில்தான் பிடிக்க வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது. நானூறு லேசு, ஒன்றரைக் கிலோகூட இல்லை. அறுநூறு இரண்டு கிலோவுக்கு மேல்.

"கை ஆடாதுன்னா அறுநூறு எடுங்க சார். சந்தேகமா இருந்தா நானூறே போதும்."

வேலுமணிக்குச் சந்தேகம் வந்தால் ஒரு வழிதான் தெரியும். "சென்றாயா, காய எடு."

சென்றாயன் மஞ்சப்பையிலிருந்து தேங்காயை எடுத்தான். அவன் அதைக் கொண்டுவந்திருந்ததே வசந்தாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மேசையோரமாக அடி மேல் அடி வைத்து நடந்தான். நானூறைத் தாண்டினான், தேங்காய் அசையவில்லை. அறுநூறுக்கு வந்தான், லேசாகத் துடித்தது. வேலுமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். சென்றாயன் நிற்காமல் போனான். மேசை முடிந்து மூலைக்குப் போனதும் தேங்காய் விறைத்துக்கொண்டு எழுந்து நின்றது.

மூலையில் இருந்தது வாடிக்கையாளர்கள் குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேன்.

"தொழில் சுத்தமுங்க," என்றான் சென்றாயன்.

வசந்தாமணி சிரித்த சிரிப்பில் உள்ளே உட்கார்ந்திருந்த கல்யாணப் போட்டோக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். வேலுமணி அசரவில்லை. மேசை மேல் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்து, இரண்டு லென்ஸ் பெட்டிகளின் மூடியிலும் கொட்டை எழுத்தில் எழுதினார். ஒன்றில் '400 அடி', இன்னொன்றில் '600 அடி'. "பிப்ரவரிக்கு ரெண்டும் நம்மளுது. வேற எவனுக்கும் குடுத்துப்போடாதீங்க. எதுன்னு பொறகு சொல்றேன்."

சபரிநாதன் "சார், சார்" என்று கையை நீட்டுவதற்குள் எழுதி முடித்துவிட்டார். அழியாத மை.

அந்தப் பொறகு வருவதற்கு எட்டு மாதமானது. வக்கீலைக் கேட்டார், கோழிப்பண்ணைக்காரரைக் கேட்டார், பல் டாக்டரை வாயைத் திறந்துகொண்டே கேட்டார். கடைசியில் பருப்பில் வந்து நின்றார். கல்லாட்டம் நிக்குது என்று வசந்தாமணி சொன்னாள். பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அந்தப் பருப்பைப் பிரித்துச் சமைத்துவிட்டார்கள். "ரெண்டு கிலோவச் சேத்துக் கட்டி வெச்சிருந்துது. சௌகரியமாப் போச்சு," என்றாள் ஒரு சின்னம்மா. அந்த வருஷம் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை.

வேலுமணியின் போனை வசந்தாமணி அணைக்காமல் வைத்திருந்தாள். ரிக் வண்டிகளில் பெயிண்டால் எழுதியிருந்தது அந்த எண்தான். போர்வெல் போடக் கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கு அவளோ சென்றாயனோ பதில் சொன்னார்கள். ஜனவரிக் கடைசியில் அதில் சபரிநாதன் கூப்பிட்டார். "சார், அறுநூறு எடுத்து வெச்சுட்டனுங்க."

வசந்தாமணி சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, தெரியாமப் போச்சு. கேன்சல் பண்ணிக்கறனுங்க."

"வேண்டாமுங்க. நாங்க வாரோம்."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். பிறகு உட்கார்ந்து யோசித்தபோது நியாயம் தெளிவாகத்தான் இருந்தது. கை ஆடவில்லை என்று அவள் சொன்னாள். அவர் அதை நம்பி அறுநூறு என்றார். இனி அந்த அறுநூறு ஆடாமல் நிற்க வேண்டியது அவள் பொறுப்பு. சக்கரம் பாதி உள்ளே, பாதி வெளியே, ஒரே ஒரு படம். அது கிடைக்காவிட்டால் அன்று காலை அவரிடம் சொன்னது பொய்யாகவே நின்றுவிடும்.

இரண்டு கிலோ பருப்பு புதிதாக வாங்கினாள். கவரில் இருந்த கடுகை அதன் தலையில் செருகினாள். காலையும் மாலையும் மொட்டை மாடியில் நின்று காக்கைகளைப் பின்தொடர்ந்தாள். முதல் நாள் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வை, மூச்சைப் பாதி விட்டு நிறுத்து என்று கையேட்டில் போட்டிருந்தது. அப்படியே செய்தாள்.

எதிர் மாடியிலிருந்து முத்தாயம்மாள் நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் வாய் திறந்தாள்.

"ஏம்மிணி வசந்தா, காக்காய்க்குப் பொட்டலத்தோட காட்டினா எப்படித் திங்கும்? பிரிச்சு வெய்யி."

"வெக்கறனுங்கக்கா."

"பருப்புன்னா அவருக்கு உசுருதான். அதுக்குன்னு வேகாததையா காட்டறது?"

விளக்கிச் சொன்னால் வருஷம் திரும்பாத வீட்டிலிருந்து விமானம் பார்க்கப் போகிறாளாம் என்று தெரு முழுக்கப் போகும். "அவரு அப்படித்தானுங்க கேக்கறாரு," என்று சொல்லி வைத்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. ஒரு வாரம் கழித்து மாடிக்குப் போனால், எதிர் மாடியில் முத்தாயம்மாள் அரைக் கிலோ பாசிப்பருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. "இவருக்குப் பாசிப்பருப்புத்தான் புடிக்கும்," என்றாள்.

லென்ஸ் வாங்கப் போனபோது, சபரிநாதன் அவளுடைய கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "நானூறு எடுத்துக்குங்கம்மா. இது உங்களுக்குக் கனமுங்க."

"ஷட்டர் நொடியில ரெண்டாயிரத்துல ஒரு பங்கு வெச்சாப் போதுமுங்களா? ஓடற பொருளத் தொடந்து ஃபோகஸ் பண்றதுக்கு இந்தப் பொத்தான்தானுங்களே?"

அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக வைத்திருந்தாள். சொல்லித் தர ஒன்றும் மிச்சமில்லை.

"அறுநூறு அடியே குடுங்க," என்றாள் வசந்தாமணி.

பெங்களூருக்குக் காரைச் சென்றாயன் ஓட்டினான். கார் தொப்பூர்க் கணவாய் ஏறியது. பெட்டி பின்சீட்டில், பெல்ட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அன்னைக்கு அவரு கை ஆடுச்சு, சென்றாயா," என்றாள். "நான்தான் ஆடலைன்னு சொல்லிப்போட்டேன். ஆடுதுன்னு சொல்லியிருந்தா ஒருவேள டாக்டருகிட்டயாவது..."

"அண்ணி, அண்ணனுக்கு ரெண்டு வருசமாக் கை ஆடுதுங்க. டீ கிளாஸத் தூக்கினா அரை டீ என்ற மேலதான் விழுவும். டாக்டருகிட்டப் போலாமுன்னு நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன்? உன்ற ஜாக்கியப் பாருடான்னு சொல்லிப்போடுவாரு." ஒரு லாரியை முந்திவிட்டுச் சொன்னான்: "நீங்க கல்லாட்டமுன்னு சொன்னீங்கன்னு அன்னைக்கு ஷெட்டுல வந்து நாலு தடவ சொன்னாருங்க."

வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தர்மபுரி தாண்டித்தான் திரும்பினாள்.

மறுநாள் விமானத் திடலில் ஆகாசம் சுத்தமாக இருந்தது. கிருத்திகா குடை பிடித்தாள். சென்றாயன் வசந்தாமணியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காவலுக்கு நின்றான். சுற்றிலும் பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருந்த ஆண்கள். நடுவில் ஐந்தடி உயரத்தில் வசந்தாமணி.

முதல் விமானம் எழும்பியபோது வெறும் ஆகாசத்தை நாற்பது படம் எடுத்தாள். காக்கைக்கும் இதற்கும் வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. இரண்டாவதில் வால் மட்டும் கிடைத்தது. மூன்றாவதில் முன்னால் நின்றவரின் தொப்பியை முப்பத்தேழு படம் எடுத்தாள். எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. தொப்பியின் தையல்கூடத் தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் குடு, நான் எடுக்கறேன்," என்றாள் கிருத்திகா.

"கையத் தொடாத சாமி. அந்தத் தொப்பிக்காரர நகரச் சொல்லு."

தொப்பிக்காரர் நகர்ந்தார். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். தூரத்தில் அது ஓடுபாதைக்குத் திரும்பியது. வசந்தாமணி முழங்கைகளை விலாவோடு ஒட்டினாள். விமானம் ஓடத் தொடங்கியது. சத்தம் முதலில் காலில் ஏறி, பிறகு வயிற்றில் ஏறியது. அந்த நேரம் பார்த்துச் சென்றாயன் தோளில் தொங்கிய கைப்பைக்குள் வேலுமணியின் போன் துள்ளியது. சென்றாயன் எடுத்தான். இருபத்திரண்டு வருஷம் ரிக் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை.

"அலோ! ஆமாங்க, போர்வெல்லுத்தானுங்க! எந்த ஊருங்க? அயோத்தியாப்பட்டணமா? எத்தன அடி எதிர்பாக்கறீங்க? சத்தமா? ஆமாங்க, வண்டி ஓடிட்டிருக்குது! ஓனருங்களா? ஓனரு மேல இருக்கறாருங்க!"

ஒவ்வொரு சொல்லும் வசந்தாமணியின் காதில் விழுந்தது. அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் கை ஆடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். சக்கரம் தரையை விட்டது. டேங்கிலிருந்து முருங்கை மரம் வரைக்கும், இடமிருந்து வலம். பொத்தானை அழுத்தினாள். விமானம் தலைக்கு மேலே போய் மறைந்த பிறகுதான் சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமானது. முடியும்போது கிருத்திகா அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மகள் வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். ஆகாசம், ஆகாசம், வால், தொப்பி, தொப்பி. நூற்று அறுபத்தெட்டாவது படம் வந்ததும் கிருத்திகாவின் கை நின்றது.

சக்கரங்கள். மூன்றும் தெரிந்தன. டயரின் தேய்மானம்கூடத் தெரிந்தது. இடது பின் சக்கரம் வயிற்றுக்குள் முக்கால்வாசி போயிருந்தது. முன் சக்கரம் பாதியில் இருந்தது. வலது பின் சக்கரம் எனக்கென்ன என்று முழுசாக வெளியே தொங்கியது.

சென்றாயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றினான்.

"அண்ணன் சொன்னதுதானுங்க சரி. முன்னாடிதான் மொதல்ல."

வசந்தாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த இரண்டு மாதத்தில் யார் மேலும் வராத கோபம்.

"ஏன் சென்றாயா, கண்ணு அவிஞ்சு போச்சா? எடதுல பின் சக்கரம் உள்ள போயிட்டிருக்கறது தெரியலையா உனக்கு?"

"தெரியுதுங்க. இருந்தாலும் அண்ணன்..."

"செத்துப்போனவருன்னு உட்டுக் குடுக்கறயா? இருபத்திரண்டு வருசம் உட்டுக் குடுக்காதவன், ஆளு இல்லாதப்ப என்ன தாராளம்? இதுக்காடா நான் அந்தக் கனத்தத் தூக்கிட்டு நின்னேன்?"

சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டான். மூக்கை உறிஞ்சினான். பிறகு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, திரையில் விரலை வைத்தான்.

"அப்படிப் பாத்தா பின்னாடிதானுங்க மொதல்ல. இதா, எடது."

"அப்ப வலது? அது இன்னும் வெளியதான தொங்குது? அதுக்கு முந்தி முன் சக்கரம் பாதி போயிருச்சே."

"அதெல்லாம் பாக்கக் கூடாதுங்க. பின்னாடி ஒண்ணு போனாப் போதும்."

"அதெப்படிப் போதும்? பின் ஜாக்கி ரெண்டுல ஒண்ணத் தூக்கிப்போட்டு வண்டிய எடுப்பியா நீயி?"

"அண்ணி, ஜாக்கி வேற சக்கரம் வேறங்க!"

"இத்தன நாளா ஒண்ணுன்னு சொன்னது நீதான?"

கிருத்திகா காப்பி கொண்டுவந்து வைத்தாள். காப்பி ஆறிப்போனது. இரண்டாவது தடவை சுட வைத்துக் கொண்டுவந்தாள். அதுவும் ஆறியது.

இரண்டு நாள் கழித்து லென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சேலத்துக்குப் போனார்கள். வசந்தாமணி படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். சபரிநாதன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கை ஆடவே இல்லீங்களாம்மா?"

"ஆடலீங்க," என்றாள் வசந்தாமணி. "கல்லாட்டம் நின்னுது."

படத்தில் எது முதலில் போகிறது என்று அவரையும் கேட்டாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்றார்.

லென்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடியபோது மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். தின்னர் போட்டுத் தேய்த்த தடம் இருந்தது. எழுத்து அப்படியே இருந்தது. "நானூறு போயிருச்சுங்க. இது மட்டும் போவ மாட்டேங்குது," என்றார் சபரிநாதன், தப்புச் செய்தவர் மாதிரி. புது மூடி வரவழைக்கலாம் என்றிருக்கிறாராம்.

அது நடந்து ஒரு வருஷமாயிற்று. வேலுமணியின் வருஷ திதியும் கழிந்தது. புது மூடி வரவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வரும் கல்யாணப் போட்டோக்காரர்களும், ஏற்காட்டில் பறவை எடுக்கப் போகிறவர்களும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "அந்த அறுநூறு அடி இருக்குதுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். சபரிநாதனும் இருக்கிறது என்றோ வெளியே போயிருக்கிறது என்றோ பதில் சொல்லுகிறார். மில்லிமீட்டர் என்று யாரையும் திருத்துவதில்லை.